அசீனா எரித்த போர்டு

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மாடியில் நடந்த எலெக்ட்ரானிக்ஸ் பயிற்சி நிலையத்தில் அசீனாவுக்குக் கிளார்க் வேலை. வருகைப் பதிவு எடுப்பாள், லேபைத் திறந்து பூட்டுவாள். 1989-ல் அங்கே ஒரு மைக்ரோபிராசஸர் கிட் வந்தது. பச்சைப் போர்டு, அதன் மேலேயே சிப்புகள், கால்குலேட்டர் மாதிரிப் பட்டன்கள், எண்கள் சிவப்பாய் எரியும் ஆறு கட்டங்கள். "ஒரு முழுக் கம்ப்யூட்டரே இந்த ஒத்தப் போர்டுதான்" என்று சௌந்தரபாண்டியன் சார் வகுப்பில் சொன்னது காதில் விழுந்ததும் அவளுக்குக் கை பரபரத்தது.

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனதும் கையேட்டைப் பார்த்து ஒவ்வொன்றாய் அடித்துப் பார்த்தாள். நாலு நாள் ஒன்றும் ஓடவில்லை. ஐந்தாம் நாள் ஐந்தையும் மூன்றையும் கூட்டி, 08 என்று வந்து நின்றது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மறுவாரம் அவசரத்தில் ஐந்து வோல்ட் ஒயரைப் பன்னிரண்டு வோல்ட்டில் சொருகிவிட்டாள். எண்கள் பளீரென்று எரிந்து அணைந்தன. கருகல் வாடை. ஒயரைப் பிடுங்கி, ஜன்னலைத் திறந்துவிட்டுத் தன் மேஜையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சாயங்காலம் முதலில் சுவிட்சைப் போட்டவன் தனுஷ்கோடி. தேவதானத்திலிருந்து வருகிற மாணவன். போர்டில் ஓர் எண்ணும் எரியவில்லை; சிப்பு கருகிக் கிடந்தது.

"ஏலே, என்னத்தலே சொருகின?" என்றார் சார்.

"சரியாத்தான் சார் சொருகுனேன்."

"பொறவு தானாவா எரிஞ்சுச்சு?"

அசீனா நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. அன்றிலிருந்து சார் அவனை லேபுக்குள் விடவில்லை. பத்து நாள் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு நின்றுவிட்டான். வருகைப் பதிவிலிருந்து அவன் பெயரை அடித்ததும் அசீனாதான்.

ஞாயிற்றுக்கிழமை தேவதானத்துக்குப் போனாள். அவன் அம்மா வேலுத்தாய், "ராஜபாளையத்துல மில்லுல சேந்துட்டாம்மா. கம்ப்யூட்டரு தனக்குக் கைவராதுன்னுட்டான்" என்றாள்.

மறுநாள் லீவு போட்டு, ஷிப்ட் விடும்போது மில் வாசலில் நின்றாள். தலையெல்லாம் பஞ்சோடு வந்தான்.

"தனுஷ்கோடி, அந்த போர்ட எரிச்சது நான்தான்."

தலையிலிருந்த பஞ்சைத் தட்டிவிட்டான். "நான்தான் என்னமோ தப்பாச் சொருகிட்டேன்னு நானே நம்பிட்டேனக்கா."

"சார்ட்ட சொல்லிருதேன். திரும்பி வா."

"சொல்லுங்க. ஆனா நான் வரல."

சாரிடம் சொன்னாள். வேலை போகும் என்றிருந்தாள். "படிக்கணும்னு கேட்டிருக்கலாம்லம்மா" என்றவர், போர்டு ரிப்பேராகி வந்ததும் அவளையும் வகுப்பில் சேர்த்துக்கொண்டார். தனுஷ்கோடிக்கு அவரே கடிதம் போட்டார். பதில் இல்லை. அவன் விட்டுப்போன இடத்தில்தான் தான் உட்கார்ந்திருக்கிறோம் என்ற நினைப்பு அவளுக்கு ஒருநாளும் போகவில்லை.

தொண்ணூற்றாறில் அவள் அங்கேயே டீச்சர். ராஜபாளையம் மார்க்கெட்டில் ஒருநாள் தனுஷ்கோடி எதிரே வந்தான்.

"நீங்கதான் இப்ப கிளாஸ் எடுக்கீயளாமே?"

"ஆமா."

"நல்லதுக்கா" என்று மெய்யாகவே சிரித்துவிட்டுப் போனான். அவன் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.