அக்காவின் இடது இமை

அக்கா என்னைப் பார்த்தால் முதலில் என் கண் இமைகளைத்தான் பார்ப்பாள். சாப்பிட்டாயா, பிள்ளைகள் எப்படி என்பதெல்லாம் அப்புறம்தான். பொம்மையார்பாளையத்திலிருந்து பஸ் பிடித்து மரக்காணத்தில் இறங்கிப் போகிற என்னை வாசலிலேயே நிறுத்தி, முகவாயைத் தூக்கி, இடது, வலது என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவாள். போலீஸ் செக்கிங் முடிஞ்சுதா என்று மாமா உள்ளேயிருந்து கேட்பார். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் இந்தச் செக்கிங்கை ஆரம்பித்து வைத்தவளே நான்தான்.

உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லாருமே கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் இருப்பார்கள். பாத்தியில் உப்பு விளைந்துவிட்டால் மேலே ஒரு வெயில், கீழே ஒரு வெயில். அக்காவுக்கு இடது கண்ணை மூடிக்கொண்டு உப்பு வாருவது பழக்கம். யாரைப் பார்த்துக் கண்ணடிக்கிறாய் என்று கூட வேலை செய்யும் பெண்கள் கேலி செய்வார்கள். அவளும் அன்றைக்கு வாய்க்கு வந்த ஆண் பெயர் ஒன்றைச் சொல்லிச் சிரிப்பாள். எங்கள் அம்மாவும் அதே பாத்திகளில் அப்படித்தான் ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றவள். அதனால் சில வருஷங்களுக்கு முன்பு ஒரு கோடையில் அக்காவின் இடது இமை தொங்க ஆரம்பித்தபோது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணுக்குப் பின்னால் குடைகிறது, தலை வலிக்கிறது என்றாள். வெயில்தான், மோர் குடி என்றோம். நானும்தான் சொன்னேன், போனில்.

அந்தக் கோடையிலேயே ஒரு நாள், ஆரோவில்லில் நான் தையல் வேலை செய்யும் இடத்தில் லீவு. அக்காவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு பாத்திக்குப் போனேன். வரப்பில் நின்று கூப்பிட்டபோது ஒற்றைக் கண்ணால் என்னைத் தேடினாள். "ரொம்பத்தான் கண்ணடிக்கிற. நிழலுக்கு வாக்கா" என்று கையைப் பிடித்துக் கொட்டகைக்குள் இழுத்துப் போனேன். தண்ணீர் குடித்தாள், முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வலது கண் நன்றாகத் திறந்துவிட்டது. இடது கண் மூடியே இருந்தது. போதும் விளையாட்டு, திற என்றேன்.

"திறந்துதான்டி வச்சிருக்கேன்" என்றாள்.

விரலால் இமையைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே கருமணி மற்ற கண்ணைவிடப் பெரிதாக விரிந்து, ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது. நீ ரெண்டு பேராகத் தெரிகிறாய் என்றாள். அவ்வளவுதான், சோற்றுத் தூக்கை அங்கேயே வைத்துவிட்டு, அடுத்த பாத்தியில் இருந்த மாமாவைக் கத்திக் கூப்பிட்டு, கார் பிடித்துப் புதுச்சேரிக்குக் கிளம்பினோம்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். உடனே ஸ்கேனுக்கு அனுப்பினார். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் ஓர் இடம் பலூன் மாதிரி புடைத்து, இமையைத் தூக்கும் நரம்பை அழுத்துகிறது என்றார். இன்னும் வெடிக்கவில்லை. வெடித்தால் பிழைப்பது கஷ்டம், பிழைத்தாலும் பேச்சோ கை காலோ போகலாம். தொடை வழியாக மெல்லிய கம்பி விட்டு அதை அடைக்க வேண்டும், அதிலும் ஆபத்து உண்டு என்றார். எப்போது வெடிக்கும் என்று மாமா கேட்டார். அதைச் சொல்ல முடியாது, ஆனால் இமை தொங்கிவிட்டால் காத்திருக்கக் கூடாது என்றார். மாமா விடவில்லை. பொழைச்சிடுவாளா, நூத்துக்கு எவ்வளவு, அதையாவது சொல்லுங்கள் என்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடாமல் நின்றார்.

"நூறு பேருக்கு என்ன ஆகும்னு சொல்லிடுவேங்க. அந்த நூறுல இவங்க யாருன்னுதான் எனக்குத் தெரியல."

எனக்கு அந்த டாக்டரம்மா மேல் கோபம் கோபமாக வந்தது. இவ்வளவு படித்து என்ன பிரயோஜனம் என்று நினைத்தேன். அவர் அடுத்ததாக, உங்கள் வீட்டில் யாராவது இப்படித் திடீரென்று இறந்தார்களா என்று கேட்டார். நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அம்மா ஒரு மத்தியானம் தலையைப் பிடித்துக்கொண்டு பாத்தியிலேயே விழுந்தாள். தூக்கி வருவதற்குள் போய்விட்டாள். வெயில் அடித்துவிட்டது என்று ஊரே சொன்னது, நாங்களும் நம்பினோம். அம்மாவின் கண் வெயிலுக்குத்தான் இடுங்கியதா, வேறு எதற்கா என்று இனி யாரைக் கேட்பது? மாமா கையெழுத்துப் போட்டார். டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, இது குடும்பத்தில் வரக்கூடியது, நீங்களும் ஒரு ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

அக்கா பிழைத்தாள். கதவு திறந்து அவளை வெளியே கொண்டுவரும்வரை நான் உட்காரவே இல்லை. மயக்கம் தெளிந்ததும் என் பெயரைச் சொல்லி, பசிக்கிறது என்றாள். நான் சுவரில் சாய்ந்து அழுதேன். இமை திறக்கலாம், திறக்காமலும் போகலாம் என்றுதான் டாக்டரம்மா சொல்லியிருந்தார். அது மாதக்கணக்கில், அடம்பிடிக்கும் கடை ஷட்டர் மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. இப்போதும் முழுசாக ஏறவில்லை.

நான்தான் ஸ்கேன் எடுக்கவில்லை. வேலை, பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று சாக்குச் சொன்னேன். உண்மையில் பயம். ஒன்றுமில்லை என்று வந்தால் சரி. சின்னதாக ஒன்று இருக்கிறது, இப்போதைக்குத் தொட வேண்டாம், பார்த்துக்கொண்டிருப்போம் என்று சொன்னால்? அதைத் தலைக்குள் வைத்துக்கொண்டு நான் எப்படித் தூங்குவது? அக்கா சண்டை போடவில்லை. இமைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன வாரம் அவளோடு உப்பளத்துக்குப் போனேன். அவள் இப்போது பாத்தியில் இறங்குவதில்லை, கொட்டகையில்தான் உட்காருகிறாள். நான் வரப்பில் நின்று, மாமா எங்கே என்று தேடினேன். கண் கூசியது. என்னை அறியாமல் இடது கண்ணை மூடியிருக்கிறேன்.

"நிழலுக்கு வா" என்றாள் அக்கா.

போனேன். முகவாயைப் பிடித்தாள். இரண்டு கண்ணையும் அகலத் திறந்து காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள்.

"இன்னிக்கு நல்லாத்தான் இருக்குது" என்றாள். கையை எடுக்கவில்லை. "அம்மாவ யாரும் நிழலுக்குக் கூப்பிடலடி."

நாளைக்கு ஸ்கேன். என்ன வரும் என்று தெரியாது. அக்காவும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். புதுச்சேரியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவள் முதலில் என் இமைகளைத்தான் பார்ப்பாள்.