ஆக்சில் இழுத்த சனிக்கிழமை

போன வாரம் காரை சர்வீஸுக்கு விட்டுவிட்டுக் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தேன். வேலை நடக்கும் இடத்துக்குள் கார்க்காரர்கள் போகக் கூடாதாம். கணினியைப் பார்த்தபடி ஒரு பெண், "சார், உங்க ஆக்சில் மாத்தியாச்சு" என்றாள். அவ்வளவுதான். ஆனால் யாரோ கதவைத் திறந்து மூடிய இடைவெளியில் கியர் ஆயில் வாடை வந்தது. அழுகிய முட்டையும் கருகிய ரப்பரும் கலந்த நாற்றம் அது. எனக்கு மட்டும் அதில் புதுவாயல் மணக்கும்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. புதுவாயலில் மூன்று பேர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். பொன்னேரிப் பக்கம் நெல் வயல் உள்ள குடும்பத்துப் பையன் தனசேகர், பழவேற்காட்டில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகன் ஜாஃபர், அப்புறம் நான். மூவருக்கும் ஒரே கம்பெனி. அங்கே தயாரானது என்ன தெரியுமா? ஷாஃப்ட். கார் ஆக்சிலாகக் கப்பலேறிப் போகும் உயர்தர ஷாஃப்ட். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு அதைத் தடவிப் பார்த்து, தேறும் தேறாது என்று தீர்ப்புச் சொல்லும் நீதிபதி நான். எங்களில் ஒருவர்கூட ஒரு காரிலிருந்து அதைக் கழற்றியது கிடையாது. அது ஒரு குறையாக எங்களுக்குத் தோன்றியதும் இல்லை.

தனசேகருக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சம்பந்தம் கூடி வந்து, "மாப்பிள்ளை பஸ்ல வந்து எறங்கறாரு" என்ற ஒரே காரணத்தால் முறிந்துபோனது. அடுத்த பெண் திருவள்ளூரில். இந்த முறை சொந்தக் காரில்தான் போவேன் என்று அவன் சபதம் எடுத்தான். கடற்கரைப் பக்கத்து வள்ளூரில் அவன் மாமா வீட்டு வாசலில் அனல்மின் நிலையத்துச் சாம்பலும் உப்புக் காற்றும் தின்று மிச்சம் வைத்த கார் ஒன்று இருந்தது. அதை வாங்கி வந்தான். நேராகப் போனால் சமர்த்து. திருப்பினால் முன்சக்கரத்தில் கடகடவென்று பல்லைக் கடிக்கும். ஆக்சில் போய்விட்டது என்று கண்டுபிடித்தோம். அதாவது கியர் பெட்டியிலிருந்து சக்கரத்தைச் சுழற்றும் தண்டு. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வேண்டும். சனிக்கிழமை மாற்றிவிடலாம் என்றோம்.

"நாம செய்யாத ஷாஃப்ட்டா?" என்றான் ஜாஃபர்.

சக்கரப் பக்கம் சுத்தியலடிக்கு ஒருவழியாக இளகியது. கியர் பெட்டிப் பக்கம் அசையவில்லை. தனசேகர் அடியில் படுத்துக் கடப்பாரையால் நெம்பினான். நான் பக்கத்தில் நின்று காரின் கையேட்டைப் படித்துச் சொன்னேன். "ஆக்சிலை வெளியே எடுக்கவும்" என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது. அடுத்த வரி, புதியதை மாட்டுவது பற்றி.

கூட்டம் சேர்ந்துவிட்டது. எதிரே இருந்த டீக்கடைக்காரர் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தார். "மண்ணெண்ண ஊத்துப்பா" என்றார் ஒருவர். "சூடு காட்டு" என்றார் இன்னொருவர். இரண்டையும் ஒன்றாகச் செய்யலாம் என்று மூன்றாமவர் சொன்னபோது, அடியிலிருந்து தனசேகர், "யோவ், நான் உள்ள கீறேன்!" என்று கத்தினான்.

அப்போதுதான் வெள்ளை வேட்டி சட்டையில், கக்கத்தில் தோல் பையோடு ஒரு பெரியவர் வந்து ஜாஃபரை விசாரித்தார். "தம்பி, தனசேகர்னு ஒரு பையன் இங்க கீறாராமே? ஒடம்பெல்லாம் எப்படி? சிகரெட்டு கிகரெட்டு உண்டா?"

அந்த மாதம் முழுக்க ஓர் இன்சூரன்ஸ் ஏஜெண்டு எங்களைத் துரத்திக்கொண்டிருந்தார். இவர் அவருடைய மேலதிகாரி என்று ஜாஃபர் தீர்மானித்துவிட்டான்.

"அவனா? சுகரு, பிரஷரு ரெண்டும் கீது, பெரியவரே. அதோ, அடியில மூச்சு வாங்கினு கெடக்கறான் பாருங்க. சிகரெட்ட பொட்டி பொட்டியா ஊதறான். அவன வெச்சிகினு நீங்க பேஜாராயிடுவீங்க."

பெரியவர் முகம் சுருங்கியது. ஆனால் போகவில்லை. காருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைசியில் கயிறு கட்டி இழுப்பது என்று முடிவானது. உள்ளே தனசேகர் கடப்பாரையால் நெம்ப, வெளியே எல்லோரும் கயிற்றைப் பிடித்தோம். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த பெரியவர், பையை டீக்கடைக்காரர் மனைவியிடம் கொடுத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். "இன்னாப்பா இழுக்கறீங்க, சோறு துன்னவங்க மாதிரியா இழுக்கறீங்க?" என்று முன்னால் வந்து பிடித்தார்.

வந்தது. வந்த வேகத்தில் மொத்தப் புதுவாயலும் மல்லாந்தது. ஆக்சில், தூளியிலிருந்து எடுத்த குழந்தைபோல் பெரியவர் மடியில் கிடந்தது. வேட்டியெல்லாம் கியர் ஆயில். அடியிலிருந்து கண்ணும் பல்லும் மட்டும் வெள்ளையாக வெளிவந்த தனசேகர், ஓடிப்போய் அவரை இறுகக் கட்டிக்கொண்டான்.

"பெருசு! நீ இல்லன்னா நாளைக்கு என் மானமே போயிருக்கும்! யாரு பெருசு நீ?"

"திருவள்ளூரு" என்றார் அவர். "நாளைக்கு எங்க ஊட்டுக்குத்தான் பொண்ணு பாக்க வரீங்க."

ஜாஃபர் திடீரென்று நட்டு போல்ட்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தான்.

மறுநாள் பஸ்ஸில்தான் போனோம். புது ஆக்சில் உள்ளே போக மறுத்துவிட்டது. பெண் எல்லோருக்கும் காபி கொடுத்தாள். தனசேகர் ஒரு மடக்கு குடித்ததும் அவன் முகம் கோணியது.

"சுகருக்கு ஆவாதுன்னு அப்பா சொன்னாரு" என்றாள் அவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

தனசேகர் ஜாஃபரைப் பார்த்தான். ஜாஃபர் மின்விசிறியைப் பார்த்தான். சர்க்கரையில்லாத அந்தக் காபியைத் தனசேகர் கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்தபோது, உள்ளே பெரியவர் மனைவியிடம் சொல்வது கேட்டது. "நோயாளியா நாளெல்லாம் கடப்பார புடிப்பான்? போ, பாயசத்த எடுத்தா."

தை மாதம் கல்யாணம் என்று முடிவானது. ஆக்சிலை மாட்ட அடுத்த சனிக்கிழமை உட்கார்ந்தபோது, டீக்கடைக்காரர் பெஞ்சையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

போன வாரம் சர்வீஸ் முடிந்த காரை எடுத்துக்கொண்டு புதுவாயல் வழியாகப் போனேன். எங்கள் வீடிருந்த இடத்தில் ஏதோ கிடங்கின் நீண்ட மதில். டீக்கடை, அகலமாக்கிய நெடுஞ்சாலைக்குள் போய்விட்டது. எனக்கு என்ன தோன்றியதோ, ஓரமாக நிறுத்தி, ஒன்றுமே ஆகாத காரின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஏதும் புரியாதவன்போல் தலையைச் சொறிந்தபடி நின்றேன். இன்னாப்பா ஆச்சு என்று ஒரு குரல் கேட்காதா என்றுதான்.

லாரிகள் போயின. கம்பெனி பஸ்கள் போயின. ஒரு பைக் வேகம் குறைந்தது. எனக்கு உயிர் வந்தது. பையன் செல்போனை எடுத்துப் படம் பிடித்துவிட்டுப் போனான்.

பிறகு ரோந்து வண்டி ஒன்று வந்து நின்றது. இறங்காமலே சொன்னார்கள்: "சார், வெளிய நிக்கக் கூடாது. கஸ்டமர் கேருக்கு போன் பண்ணிட்டு உள்ள உக்காருங்க."

பானெட்டை மூடிவிட்டு உள்ளே உட்கார்ந்தேன். அவர்கள் போகிறவரை செல்போனைக் காதில் வைத்து, யாரிடமோ பேசுவதுபோல் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தேன்.