ஏறுகிற வண்டிக்கு வழி

குன்னூரில் ராஜகுமாரி அக்காவின் லாரி கம்பெனிக்கு முறையான பெயர் ஒன்று உண்டு. அது போர்டில் மட்டும் இருக்கிறது. மற்ற லாரிக்காரர்கள் அதை எல்.கே.ஜி. என்றுதான் சொல்வார்கள். புதிதாக ஹெவி லைசென்ஸ் எடுத்தவனை வேறு யாரும் வேலைக்குச் சேர்ப்பதில்லை. அனுபவம் இருக்கிறதா என்பார்கள். லாரியைக் கொடுத்தால்தானே அனுபவம் வரும் என்றால், அனுபவம் வரட்டும், லாரி கொடுக்கிறோம் என்பார்கள். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்கிற கதைதான். அப்படிப்பட்ட பைத்தியங்களுக்குப் பெண் கொடுக்கிற ஒரே மகராசி ராஜகுமாரி அக்கா. வேலை பழகியதும் அவர்கள் பெரிய கம்பெனிகளுக்குப் பறந்துவிடுவார்கள். அக்கா ஒரு நாள் முழுக்க வைதுவிட்டு, மறுநாள் அடுத்த பைத்தியத்தைச் சேர்த்துக்கொள்வார்.

இந்த வருஷத்துப் பைத்தியம் முத்துராஜ். நாற்பதை எட்டப்போகிற வயது. காட்டேரிப் பக்கத்து எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து ஏற்றும் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவன். ஓட்டத் தெரிந்த நாள் முதல் மலையில்தான் ஓட்டினான். சமவெளிக்குப் போனதே கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான், அதுவும் பஸ்ஸில். மலையடிவாரத்துக் கல்லாறு வருவதற்குள் தூங்கிவிடுவான். ஆகையால் கீழே ரோடு எப்படி இருக்கும் என்பது அவனுக்குச் சரியாகத் தெரியாது. தெரியாது என்பதும் அவனுக்குத் தெரியாது.

அக்காவின் ஆபீஸ் ஒரு தகரக் கொட்டகை. அவர் நாற்காலிக்குப் பின்னால் ஒரு பலகை, அதில் வரிசையாகக் கொக்கிகள். புது டிரைவர் தினமும் வண்டியை நிறுத்தியதும் சாவியைக் கொக்கியில் மாட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். கீழே சமவெளிக்கு ஒரு நடை போய் ஒழுங்காகத் திரும்பிவிட்டால், அன்றைக்குச் சாவியும் டிரைவரோடு வீட்டுக்குப் போகும். அங்கே அதுதான் வேலை நியமன உத்தரவு. ஒழுங்காகத் திரும்பாவிட்டால் சாவி கொக்கியில் இருக்கும், டிரைவர் வீட்டில் இருப்பான்.

இந்த விவரத்தை முத்துராஜ் வீட்டில் சொன்னதுதான் தப்பு. அவன் மனைவி மகாலட்சுமி கொழுந்து பறிக்கிறவள். பொறுமை என்பதை அவள் செடியோடு விட்டுவிட்டு வந்துவிடுவாள். அன்று மாலையே சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்தாள்.

"இது எதுக்கு?" என்றான் முத்துராஜ்.

"சாவி மாட்டத்தான்."

"இன்னும் குடுக்கலையே."

"குடுக்காம எங்க போயிருவாங்க."

அன்றிலிருந்து அந்த ஆணி அவனைப் பார்க்க ஆரம்பித்தது. பல் தேய்க்கும்போது பார்க்கும், சோறு தின்னும்போது பார்க்கும். எஸ்டேட்டில் அவனுடைய டிராக்டரை வேறொருவனுக்குக் கொடுத்தாகிவிட்டது. திரும்பிப் போனால் தினக்கூலிக்குப் புல் வெட்டத்தான் போக வேண்டும். அதைக்கூடச் செய்துவிடலாம். மகாலட்சுமி அந்த ஆணியைப் பிடுங்குவதை எப்படிப் பார்ப்பது என்றுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

ஆவணியில் அந்த நடை வந்தது. கேத்தியில் கழுவிய கேரட் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு திருப்பூர் மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். உச்சி வெயிலுக்கு முன் சேர்த்துவிட வேண்டும். கூட வந்தவன் கொர்னேலியஸ். முத்துராஜைவிட பத்து வயது இளையவன். புது டிரைவர் எப்படி ஓட்டுகிறான் என்று பார்த்து அக்காவிடம் சொல்வது அவன் பொறுப்பு. கண்ணை மூடிக்கொண்டே பார்ப்பது அவன் வழக்கம். "நான் முழிச்சா நீங்க தப்பா ஓட்டுறீங்கன்னு அர்த்தம்ணா" என்று சொல்லிவிட்டு, குன்னூர் தாண்டியதும் தூங்கிப்போனான்.

மலை இறங்கும் வரை அவன் விழிக்கவில்லை. ஏற எந்தக் கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்கினான் முத்துராஜ். எதிரே ஏறி வந்த ஒவ்வொரு வண்டிக்கும் ஒதுங்கி நின்று வழி விட்டான். மலையில் முதல் சட்டம் அது. இறங்குகிறவன் நின்றால் மறுபடி கிளம்பிவிடலாம். லோடோடு ஏறுகிறவன் வளைவில் நின்றால் கிளம்புவது பெரும்பாடு. முத்துராஜ் வழி விட்டபோதெல்லாம் எதிர் டிரைவர்கள் கை தூக்கிப் போனார்கள். அவனும் கை தூக்கினான். ராஜா நகர்வலம் போவது போலத்தான் கல்லாறு வரை போனான்.

மேட்டுப்பாளையம் தாண்டி அன்னூர் ரோட்டில் ஏறியதும் ராஜாவின் ராஜ்ஜியம் முடிந்துபோனது. ரோடு நேராகப் போயிற்று. வளைவே வரவில்லை. இவ்வளவு நேரமாக ஒரு வளைவுகூட வரவில்லையென்றால் ஏதோ கோளாறு நடக்கப்போகிறது என்று அவனுக்குத் தோன்றியது. தூரத்தில் ஒரு லாரி தெரிந்தது. அது ஏறுகிறதா, இறங்குகிறதா? அவன் ஏறுகிறானா, இறங்குகிறானா? கூர்ந்து பார்த்தான். பிடிபடவில்லை. சந்தேகம் என்றால் ஒதுங்கி நிற்பதுதான் மரியாதை என்று ஓரம் கட்டி நிறுத்தினான்.

அடுத்து ஒரு பஸ். நிறுத்தினான். பால் வண்டிக்கு நிறுத்தினான். தேங்காய் டிராக்டருக்கு நிறுத்தினான். ஒரு மாட்டு வண்டிக்கு நிறுத்தியபோது வண்டிக்காரப் பெரியவர் பக்கத்தில் வந்து, "பஞ்சருங்களா?" என்று அக்கறையாக விசாரித்தார். கொர்னேலியஸ் அப்போதுதான் விழித்தான்.

"ஏண்ணா நிக்குது?"

"வழி விடுறேன்."

"யாருக்கு?"

முத்துராஜ் மாட்டைக் காட்டினான். கொர்னேலியஸ் மாட்டைப் பார்த்தான், முன்னால் கிடந்த ரோட்டைப் பார்த்தான், மணியைப் பார்த்தான். அதற்குமேல் அவனுக்குத் தூக்கம் வரவில்லை. "போங்கண்ணா, போங்க, போங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தான். முத்துராஜும் போகத்தான் பார்த்தான். எதிரே வண்டியைக் கண்டதும் அவன் கால் அவனைக் கேட்காமலே பிரேக்குக்குப் போயிற்று. தொட்டில் பழக்கம் அன்னூரில் மட்டும் விடுமா.

மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில் சாய்ந்திருந்தது. மற்ற கேரட் எல்லாம் விற்றுப் போயிருந்தது. மண்டிக்காரர் முகம் கொடுத்துப் பேசவில்லை, போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். இந்தக் கலக்கத்திலும் முத்துராஜ் ஒரு காரியத்தை மறக்கவில்லை. இறங்கியதும், சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பெரிய கல்லை எடுத்துப் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தான். மலையில் கல் வைக்காமல் நிறுத்திய லாரி நின்ற இடத்திலேயே இருக்கும் என்று நம்ப முடியாது. இங்கேயோ களம் போல வழித்து மெழுகிய சிமெண்டுத் தரை. மூட்டை தூக்குகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். புறப்படும்போது அவன் கல்லைத் துடைத்து மறுபடி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டதும், "ஏனுங்க, எங்க ஊருல கல்லு கிடைக்காதுங்களா?" என்று ஒருவர் கேட்டார். கொர்னேலியஸ் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

மேட்டுப்பாளையத்தில் வண்டியிலேயே படுத்தார்கள். கொசுவும் புழுக்கமும் போதாதென்று முத்துராஜின் கண்ணுக்குள் ஆணி வேறு. காலையில் எஸ்டேட்டுக்கு உர மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது கொர்னேலியஸுக்குப் போன் வந்தது. பேசி முடித்துவிட்டு டயரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அக்கா திருப்பூருக்குக் கிளம்பிட்டாங்களாம்ணா. மண்டிக்காரரை நேர்ல பார்த்துச் சமாதானம் பண்ணப் போறாங்க. வந்து உங்ககிட்டப் பேசுறேன்னு சொன்னாங்க."

"கோவமா இருந்தாங்களா?"

"அமைதியா இருந்தாங்க."

அது இன்னும் மோசம் என்பது இருவருக்கும் தெரியும்.

மலை ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. பர்லியாருக்கு மேலே ஒரு வளைவில் மண் சரிந்து பாதி ரோட்டை அடைத்திருந்தது. மிச்சமிருந்தது ஒரு வண்டி போகிற அகலம். முத்துராஜ் முதல் கியரில் மெதுவாக வளைவுக்குள் நுழைந்தான். பின்னாலேயே ஒரு கவர்மெண்ட் பஸ் ஒட்டிக்கொண்டு ஏறியது. அப்போது மேலேயிருந்து, அதே அகலத்துக்குள், ஒரு நீல ஜீப் இறங்கியது. பம்பரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டிய ஜீப். குன்னூரில் அதைத் தெரியாத டிரைவர் கிடையாது.

"அக்காண்ணா" என்றான் கொர்னேலியஸ். "நிறுத்துங்கண்ணா."

ஜீப் ஹெட்லைட்டை அடித்து அடித்துக் காட்டியது. நில், நான் வருகிறேன் என்பதற்கு ரோட்டில் அதுதான் பாஷை. முத்துராஜின் வேலை எதிரே ஜீப்பில் வந்துகொண்டிருந்தது. நேற்று மாட்டுக்கு நின்றவன் இன்று முதலாளிக்கு நிற்காமல் போனால் ஊர் சிரிக்கும். நிற்கத்தான் நினைத்தான். ஆனால் நேற்று சும்மா சும்மா பிரேக்குக்குப் போன அதே கால், இன்று ஆக்ஸிலேட்டரை விட்டு எழவில்லை. ஈர ரோடு, முழு லோடு, பின்னால் பஸ். ஏறுகிறவன் நிற்கக்கூடாது. அவன் நீளமாக ஹார்ன் அடித்தான். ஹார்னிலிருந்து கையையும் எடுக்கவில்லை. கொர்னேலியஸ் சீட்டுக்கு அடியிலிருந்து அந்தக் கல்லை எடுத்து, குழந்தையை அணைப்பது போல மடியில் வைத்துக்கொண்டு, மாதாவைக் கூப்பிட்டான்.

ஜீப் நின்றது. கொஞ்சம் யோசித்தது. பிறகு முனகிக்கொண்டே பின்னால் போய், வளைவுக்கு மேலே ஓரமாக ஒதுங்கியது. லாரி அதைக் கடந்தபோது அக்கா தலையை வெளியே நீட்டி ஏதோ சொன்னார். மழைச் சத்தத்தில் காதில் விழவில்லை. பழக்கதோஷத்தில் முத்துராஜ் கையைத் தூக்கிக் காட்டிவிட்டான். காட்டிய பிறகுதான் யாருக்குக் காட்டினோம் என்று உறைத்தது.

உரத்தை இறக்கிவிட்டு ஆபீஸுக்கு வந்து, சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அக்கா வந்ததும் எழுந்து சாவியை நீட்டினான். அவர் வாங்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மாட்டு வண்டிக்கெல்லாம் ஒதுங்கி நின்னீங்களாம்."

"ஆமாங்கக்கா."

"எனக்கு மட்டும் ஏனுங்க ஒதுங்கல? என்ர ஜீப்புன்னு தெரியலீங்களா?"

பொய் சொல்ல ஒரு நல்ல இடம் அது. மழை இருந்தது, மூட்டம் இருந்தது. தெரியவில்லை என்றால் யாரும் நம்பியிருப்பார்கள். "தெரிஞ்சுதுங்கக்கா" என்றான் முத்துராஜ். "நீங்க எறங்குனீங்க. நான் ஏறுனேன்."

கொர்னேலியஸ் வாசலில் கண்ணை மூடிக்கொண்டான்.

"நானும் கோவத்துல வந்துட்டேனுங்க. லைட்டு வேற போட்டேன்" என்றார் அக்கா. "அங்க என்ர மூஞ்சியப் பார்த்து நீங்க நிறுத்தியிருந்தா, லோடு பின்னால போயி பஸ்ஸுல உக்காந்திருக்கும். நாளைக்கு நான் எந்தத் தைரியத்துல உங்களுக்கு வண்டி குடுக்கறது?"

முத்துராஜ் சாவியை நீட்டியபடியே நின்றான்.

"ஆனா ஒண்ணு கேட்டுக்கங்க. கீழ எவனும் ஏறறதும் இல்ல, எறங்கறதும் இல்ல. நீங்க பாட்டுக்குப் போயிட்டே இருக்கணும். அடுத்த வாரம் மறுக்காத் திருப்பூரு. கேரட்டு நேரத்துக்குப் போகோணும்."

"சரிங்கக்கா."

"அப்புறம் சாவிய எதுக்கு நீட்டிட்டே நிக்கறீங்க? ஊட்டுல மாட்டறதுக்கு ஒரு ஆணி இல்லீங்களா?"

"இருக்குதுங்கக்கா" என்றான்.

பஸ்ஸை விட்டு இறங்கி, எஸ்டேட் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே இறங்கினான். சறுக்கலான பாதை, ஒரு ஆள் போகிற அகலம். கீழேயிருந்து தலையில் விறகுக் கட்டோடு ஒருத்தி மூச்சு வாங்க ஏறி வந்தாள். யாரென்று பார்ப்பதற்கு முன்பே முத்துராஜ் பக்கத்துச் செடிக்குள் ஒதுங்கி நின்றுவிட்டான். மகாலட்சுமிதான். மேல் லயத்துச் சுகுணாவுக்கு விறகு கொடுக்கப் போகிறாள்.

அவள் நிற்கவில்லை. கட்டோடு நின்றால் மறுபடி ஏற முடியாது. அவனைக் கடக்கும்போது கண்ணை மட்டும் திருப்பினாள். அவன் விரலில் தொங்கிய சாவியைப் பார்த்தாள். முகம் மலர்ந்துபோயிற்று, அதை மறைக்கவும் இல்லை.

"நேராப் போயி மாட்டுங்க" என்று சொல்லிக்கொண்டே ஏறினாள். "ஆணி கெட்டியாத்தான் இருக்கு. தினமும் இழுத்துப் பார்த்துட்டுத்தான் இருந்தேன்."