பதினோரு ஆப்பிளை மறைத்த வெள்ளிக்கிழமை

பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று கோயமுத்தூரே செம்பும் கரண்டியுமாக ஓடியதே, அது நடந்து ஒரு மாதம் இருக்கும். தீபாவளி முடிந்து, சஷ்டி விரதத்துக்குள் வந்த வெள்ளிக்கிழமை. எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பக்கத்துத் தையல்கடைக்காரர் எழுதுகிறார். அக்கரையில், சிலோன் தேயிலைத் தோட்டங்களில் இன்னும் இருப்பவர்களுக்கும், இரண்டு நாட்டு ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்து கோத்தகிரி, கூடலூர் என்று சிதறிக் கிடப்பவர்களுக்கும் இதைச் சொல்கிறேன்.

இந்த ஊரில் ஒரு விசித்திரம் உண்டு. கோபம் வந்தாலும் மரியாதை குறையாது. நம் தோட்டத்து லயத்தில், வேலை வாங்கும் கங்காணி ஏசினால் அது ஏச்சு என்று நாய்க்கும் தெரியும். இங்கே 'சாப்புட்டுப் போங்க' என்பதையும் 'ஊட்டக் காலி பண்ணிக்கங்க' என்பதையும் ஒரே குரலில் சொல்வார்கள். பீளமேட்டில் இருபது வருடம் மில்லில் இருந்து ஓய்வும் பெற்றுவிட்டேன். இன்னும் முகத்தைப் பார்த்துத்தான் எது எதுவென்று கண்டுபிடிக்கிறேன். அவர்களுக்கும் நான் இன்னும் சிலோன்காரர்தான்.

நாங்கள் இருப்பது லைன் வீடு. ஒரே கூரைக்குக் கீழே ஆறு குடித்தனம், எல்லோருக்கும் ஒரே குழாய். முன்னால் தனி வீட்டில் வீட்டுக்கார அம்மா இருக்கிறார், பெயர் ருக்குமணி. கணவர் தவறி வெகுநாள் ஆகிறது. வெள்ளிக்கிழமை லைனில் கறி வேகக் கூடாது என்பது அவர் சட்டம். இன்னொரு சட்டத்தை வாய்விட்டுச் சொன்னதில்லை. முந்தின வருடம் கடைசி வீட்டுக்காரருக்குக் காசம் என்று தெரிந்தது. மூன்றாம் நாள் அவர்கள் கட்டிலும் பாத்திரமும் தெருவில் நின்றன. யாரும் சத்தம் போடவில்லை.

அதனால்தான், ஆவணியில் என் மனைவி லெட்சுமியின் சளியில் ரத்தம் வந்தபோது நான் பொய் சொன்னேன். தாராபுரத்தில் சொந்தக்காரப் பெண்ணின் பேறுகாலத்துக்குத் துணையாகப் போயிருக்கிறாள் என்று லைனில் சொல்லிவிட்டு, பெரியாசுபத்திரியில் சேர்த்தேன். இரண்டு மாதம். இனி மற்றவர்களுக்கு ஒட்டாது, மாத்திரையை மட்டும் நிறுத்தாமல் முழுங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். வியாழக்கிழமை சாயங்காலம் கூட்டி வந்தேன். மாத்திரை அரிசி டப்பாவுக்குள் போனது. இருமல் வந்தால் தலையணையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டாள்.

ஆனால் ஆப்பிளை எங்கே ஒளிப்பது? இந்த ஊரில் ஆப்பிள் என்றால் ஆசுபத்திரிப் பழம். நன்றாக இருப்பவன் வாழைப்பழம் தின்பான். படுக்கையில் கிடப்பவனைப் பார்க்கப் போகும்போதுதான் ஆப்பிள் வாங்குவார்கள். கூடலூரிலிருந்து வந்த நம் சனம், பழைய மில் கூட்டாளிகள் என்று ஆளாளுக்கு ஆசுபத்திரியில் கொண்டுவந்து வைத்ததில் பதினோரு ஆப்பிள் மிச்சம். யாராவது ஒருத்தர் எட்டிப் பார்த்தால் போதும், கதை முடிந்தது. தூர எறியவும் மனம் வரவில்லை. லெட்சுமிக்கோ வாயெல்லாம் புண், கடித்துத் தின்ன முடியாது.

அப்போதுதான் எனக்கு பங்களா ஞாபகம் வந்தது. வாலிபத்தில் நான் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாக் குசினியில் அப்புவுக்கு எடுபிடியாக இருந்தேன். அப்பு என்றால் அங்கே சமையல்காரர். கொழும்பிலிருந்து தாளில் சுற்றி ஆப்பிள் வரும். காம்புப் பக்கம் கத்தியை விட்டு விதையைத் தோண்ட வேண்டும், அடி ஓட்டையாகக் கூடாது. தோல் வெடிக்காமல் இருக்க நடுவில் ஒரு சுற்று சீவ வேண்டும். குழிக்குள் சர்க்கரை, வெண்ணெய், உலர்ந்த திராட்சை, கறுவாப்பட்டைத் தூள். இரும்பு அடுப்புக்குள் தள்ளிவிட்டால் முக்கால் மணி நேரத்தில் கத்தி நழுவிக்கொண்டு இறங்கும். துரைசாணி கரண்டியால் தின்பார். தட்டில் ஒட்டிய பாகை நான் கழுவுவதற்கு முன்னால் வழித்து நக்குவேன். அந்தப் பாகுதான் எனக்கு ஆப்பிள். முழுப்பழம் ஒன்றை அங்கே நான் தின்றதே இல்லை.

இங்கே இரும்பு அடுப்புக்கு எங்கே போவது? பழைய அலுமினியச் சட்டியில் மணலைக் கொட்டி ஸ்டவ்வில் காயவைத்தேன். சீமைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை. ஆப்பிளைத் தட்டில் அடுக்கி உள்ளே இறக்கி, மூடிமேல் தேங்காய்ச் சிரட்டைத் தணலைப் பரப்பினேன். வெந்து சுருங்கிவிட்டால் யாருக்கு அடையாளம் தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

வாசனையை நான் நினைக்கவே இல்லை. நமக்குக் கறுவா என்றால் பண்டிகைப் பலகாரம். இங்கே பட்டை வாசம் வந்தால் கறிக்குழம்பு. அரை மணி நேரத்தில் லைன் முழுக்கப் பரவிவிட்டது. ஷிப்டு முடிந்து வந்த பக்கத்து வீட்டுப் பழனிச்சாமி, “சிலோன்காரரே, நமக்கும் ஒரு கரண்டி எடுத்து வெய்யுங்க. அம்மாகிட்டச் சொல்ல மாட்டனுங்க” என்று சிரித்துக்கொண்டே போனார். அவர் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. விரதக்காரர், நெற்றி நிறையத் திருநீறு, ருக்குமணி அம்மாவே வாசலில் நின்றார்.

“ஏனுங்க, வெள்ளிக்கிழமையும் அதுவுமா கறி வேகுதுங்களா?”

கறி இல்லை, பழம் என்றேன். பழத்தை ஆராவது வேக வைப்பாங்களா என்று கேட்டார். பங்களாவில் செய்வது வழக்கம் என்று ஏதேதோ சொன்னேன். அவர் அசையவில்லை. “மூடியத் தொறங்க” என்றார்.

திறந்தேன். ஆவி விலகியது. சுருங்கித்தான் இருந்தன, ஆனாலும் காம்பும் சிவப்புத் தோலும் காட்டிக்கொடுத்துவிட்டன. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஒடம்பு சரியில்லாதவங்க ஆருங்க?”

ஒருத்தருமில்லை என்றேன். திரைச்சீலைக்குப் பின்னால் லெட்சுமி மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. ஒரு நிமிடம் இருக்கும். அந்த இருமல் வெடித்ததும், பாறையில் சட்டி விழுந்து உடைந்த மாதிரி இருந்தது எனக்கு.

அவளே வெளியே வந்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி சொன்னாள். “காசம்ங்கம்மா. தாராபுரம் எல்லாம் பொய்யி. ரெண்டு மாசம் ஆசுபத்திரியில கெடந்தேன். இனிமே ஒட்டாதுன்னு டாக்டர் சொன்னாரு. நம்புனா நம்புங்க.”

ருக்குமணி அம்மா வாசற்படியிலிருந்து ஓர் அடி பின்னால் போனார். பிறகு என்னிடம்தான் சொன்னார்.

“கறியா இருந்திருந்தாத் தேவலைங்க. வாசலக் கழுவிப்போட்டுப் போயிருப்பனுங்க. ரெண்டு மாசமா எம்மொகத்தப் பாத்துப் பொய் சொல்லியிருக்கறீங்களே.”

மாத்திரை இன்னும் எத்தனை மாதம் என்று கேட்டார். நாலு என்றேன். ஆசுபத்திரிச் சீட்டைக் கொண்டுவரச் சொல்லி, கையில் வாங்காமல் என்னைப் பிடிக்கச் சொல்லிப் படித்தார். மற்றவர்கள் பிடித்து முடித்த பிறகு நான் தண்ணீர் பிடிக்க வேண்டும், லெட்சுமி குழாய்ப் பக்கம் வரக் கூடாது, மாதாமாதம் சீட்டைக் காட்ட வேண்டும். “நாலு மாசம் போகட்டுங்க. பொறவு சொல்றனுங்க” என்றார். இருக்கச் சொல்கிறாரா, போகச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

திரும்பியவரிடம், என்ன தைரியமோ, கப்பலில் கொண்டுவந்த பீங்கான் தட்டில் ஒரு ஆப்பிளை வைத்து நீட்டினேன். கையில் வாங்கவில்லை. வாசல் திண்டு மேலே வைக்கச் சொன்னார். விரதம் முடியட்டும் என்று சொல்லி, முந்தானையைக் கையில் சுற்றித் தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

லெட்சுமி அன்று ஒரு ஆப்பிளை முழுதாகத் தின்றாள். பாகை எனக்கென்று விட்டு வைத்தாள்.

அது நடந்து இருபது நாள் ஆகிறது. தின்றாரா, மாட்டுக்குப் போட்டாரா, எனக்குத் தெரியாது. அந்தத் தட்டு அவர் வீட்டுக்கும் லைனுக்கும் நடுவில் உள்ள மதில்மேல் கவிழ்ந்திருக்கிறது. கழுவியிருக்கிறார். உள்ளே எடுத்து வைக்கவும் இல்லை, எங்களுக்குத் திருப்பித் தரவும் இல்லை. கடைசி ஆளாகத் தண்ணீர் பிடிக்கப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். எட்டி எடுத்துவிடலாம், கை போகவில்லை.

அக்கரைக்குப் போகிறவர்கள் யாராவது இருந்தால், பதுளைப் பக்கம் தோட்டத்தில் லெட்சுமியின் அக்காள் இருக்கிறாள். தங்கச்சி நன்றாக இருக்கிறாள் என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் அப்படி மறைத்துத்தான் இரண்டு மாதம் ஓட்டினேன். நோயின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்னும் மூன்று மாதத்துக்குமேல் மாத்திரை இருக்கிறது, வீடு இன்னும் இருக்கிறது என்றும் சொல்லுங்கள்.