நோக்கம்: ப்ராஜெக்ட்

போன வாரம் முழங்கால் வலிக்கு ஸ்கேன் எடுக்கப் போயிருந்தேன். "செருப்ப வெளிய வுட்டுட்டு வாங்கம்மா" என்றாள் அங்கிருந்த பெண். உள்ளே ஏசி. எனக்கு முன்னால் போனவர் மழையில் நனைந்த சாக்ஸோடு படுத்து எழுந்திருக்க வேண்டும். குளிரும் ஈரச் சாக்ஸும் கலந்த அந்த நாற்றம் மூக்கில் ஏறியதுமே முழங்கால் மறந்துவிட்டது. மற்றவர்களுக்கு மல்லிகைப்பூ வாசனையில் பழைய நாட்கள் திரும்பி வருமாம். எனக்கு வாய்த்தது சாக்ஸ்.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு மத்தியில் திடீரென்று முளைத்த ஒரு தனியார் கல்லூரி அது. இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் முடித்த கையோடு அங்கே லேப் அசிஸ்டென்டாகச் சேர்ந்தேன். தற்காலிக வேலைதான். எங்கள் ஊர் காணையிலிருந்து விழுப்புரத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. இரண்டிலும் நின்றுகொண்டேதான் போவேன். இன்றைய முழங்கால் வலிக்கு அந்த இரண்டு பஸ்களையும் ஒரு காரணமாக டாக்டரிடம் சொல்லியிருக்கலாம்.

லேபுக்குள் செருப்பு, ஷூ கூடாது. ஏசி இருந்தது கம்ப்யூட்டர்களுக்காக. அவற்றுக்கு வேர்க்கக் கூடாது, தூசி படக் கூடாது. எங்களுக்கு ஜலதோஷம் பிடித்தால் யாரும் கேட்க மாட்டார்கள்.

"நம்ம கேம்பஸ் நெட்வொர்க்" என்று பிரின்சிபால் சொல்லும்போது குரலில் ஒரு கம்பீரம் ஏறும். உண்மையில் இருந்தது ஒரே ஒரு டெலிபோன் லைன். அதை நாற்பது கம்ப்யூட்டர்களுக்குப் பங்கு போட்டிருந்தோம். ஒரு ஒயர் மட்டும் ஜன்னல் வழியாக வெளியே போய், வேப்பமரத்தில் ஏறி, பிரின்சிபால் அறைக்குள் இறங்கும். கேன்டீன் அக்கா அதைத் துணி காயப்போடும் கொடி என்றே நம்பியிருந்தார். "யம்மா, நெட் வரல" என்று பிரின்சிபால் இன்டர்காமில் கூப்பிட்டால் நான் கம்ப்யூட்டர் பக்கமே போக மாட்டேன். ஜன்னலைத் திறந்து, "அக்கா, பொடவைய எடுங்க!" என்று கத்துவேன். அடுத்த நிமிடம் நெட் வந்துவிடும். நான் பெரிய கெட்டிக்காரி என்று அவருக்கு நினைப்பு. அதை நான் கெடுப்பானேன்?

சுவரில் ஓர் அறிவிப்பு இருந்தது: இன்டர்நெட் ப்ராஜெக்ட் வேலைக்கு மட்டும். வாசலில் ஒரு பெரிய நோட்டு. பெயர், நேரம், கையெழுத்து, கடைசியில் நோக்கம் என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் எழுதினார்கள். வேறு எதை எழுதினாலும் உள்ளே விட முடியாதே!

கணக்குப் பேராசிரியர் 'ப்ராஜெக்ட்' என்று எழுதிவிட்டு, அமெரிக்காவில் மகள் இருக்கும் ஊரின் வானிலையைப் பார்ப்பார். "அங்க பனி கொட்டுதும்மா, கொஞ்சம் ஏசியக் கம்மி பண்ணு" என்பார். ஆபீஸ் சூப்பிரண்டு ஆரோக்கியசாமி சார் 'ப்ராஜெக்ட்' என்று எழுதிவிட்டு மகளுக்கு மாப்பிள்ளை தேடுவார். "இந்தக் கண்ணாடிக்காரப் பையன் எப்டிம்மா?" என்று என்னையே கேட்பார். எனக்கு இருபத்திரண்டு வயது. மாணவர்கள் சினிமாப் பாட்டுகளை இறக்கி 'ஆபரேட்டிங் சிஸ்டம் யூனிட் 3' என்ற பெயரில் ஒளித்துவைப்பார்கள். அதன் அளவைப் பார்த்துவிட்டு, "மூணாவது யூனிட்டுக்கே இவ்ளோ மெட்டீரியல் சேர்த்திருக்காங்களே!" என்று பூரித்துப்போனார் துறைத்தலைவர். பிரின்சிபால் மட்டும் நோட்டில் எழுத மாட்டார். அவருக்கு வரும் மெயிலை நான் அச்செடுத்துக் கொடுக்க, அதன் கீழேயே பேனாவால் பதில் எழுதித் திருப்பி அனுப்புவார். அதை நான் டைப் அடித்து அனுப்புவேன்.

வாட்ச்மேன் முனுசாமி அண்ணன் மாதம் ஒரு முறை வருவார். மகன் ஏழுமலை மஸ்கட்டில் இருந்தான். அவன் அனுப்பும் போட்டோவை நான் திறந்துவைப்பேன். போட்டோ மேலிருந்து கீழாக மெதுவாக இறங்கும். முதலில் தலைமுடி, அப்புறம் நெற்றி, அப்புறம் கண். மீசை வருவதற்குள் லைன் அறுந்துவிடும். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "இருக்கட்டும்மா, கண்ண பாத்துட்டன் இல்ல" என்பார். அவருக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும். மீதியை நான்தான் எழுதுவேன். நோக்கம் என்ற கட்டத்தில் கை பழக்கத்தில் 'ப்ராஜெக்ட்' என்று ஓடிவிடும்.

வீட்டில் வேறு கதை நடந்துகொண்டிருந்தது. திருவெண்ணெய்நல்லூர் மாமாவின் மகனுக்கு என்னைக் கொடுப்பதாகப் பேச்சு. அவர் நல்லவர்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு வேலை பார்த்துக்கொண்டே எம்.சி.ஏ. படிக்க வேண்டும். அப்பாவிடம் அழுது, சாப்பிடாமல் கிடந்து, ஒரு வாக்கு வாங்கியிருந்தேன். "வேல பர்மனென்ட் ஆச்சுன்னா ரெண்டு வருசம் வாயத் தொறக்க மாட்டன். இல்லன்னா தையில கல்யாணம். அப்பறம் அழுதுகினு நிக்கக் கூடாது." பிரின்சிபாலும் சொல்லியிருந்தார்: "இன்ஸ்பெக்ஷன் கமிட்டி வந்து ஓகே பண்ணட்டும்மா. ஒன்ன பர்மனென்ட் பண்ணிடலாம்."

ஐப்பசி மழையில் கமிட்டி வந்தது. மூன்று பேர். கேன்டீன் அக்காவின் கொடியை அன்று மட்டும் காலியாக வைத்திருந்தோம். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. மூவரில் ஒல்லியானவர் சாக்ஸோடு நின்றபடி நோட்டைப் புரட்ட ஆரம்பித்தார். ஒரு பக்கம், இன்னொரு பக்கம், இன்னொரு பக்கம்.

"இந்த முனுசாமி எந்த டிபார்ட்மென்ட்?"

"வாட்ச்மேன் சார்" என்றேன். பொய் சொல்லக்கூட நேரம் கிடைக்கவில்லை.

"வாட்ச்மேன் என்ன ப்ராஜெக்ட் பண்றாரு? கூப்பிடுங்க அவர."

முனுசாமி அண்ணன் வந்து சல்யூட் அடித்தார். கேள்வியைக் கேட்டதும் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"எம் பையன் மஸ்கட்ல கீறான் சார். போட்டா அனுப்புவான். இந்தப் பொண்ணு தொறந்து காட்டும், நான் பாத்துக்கினு போவன். அவ்ளோதான் சார்."

தை மாதம் என் கண்ணெதிரே வந்து நின்றது. அப்போதுதான் பிரின்சிபால் தொண்டையைச் செருமினார். "அதான் சார் ப்ராஜெக்ட். சுத்துப்பட்டு கிராமத்து ஜனங்களுக்கு நெட்வொர்க்க அறிமுகப்படுத்துறோம். முனுசாமிதான் மொதல் பயனாளி."

ஒல்லியானவரின் முகம் மலர்ந்துவிட்டது. மற்ற இருவரும் முனுசாமி அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவர் ஒன்றும் புரியாமல் இன்னொரு சல்யூட் அடித்தார்.

"ரொம்ப நல்ல முயற்சி. யார் இதுக்குப் பொறுப்பு?" என்றார் ஒல்லியானவர்.

பிரின்சிபால் பெருமையோடு என்னைக் காட்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

"என்ன படிச்சிருக்க?"

"பி.எஸ்சி. சார்."

"இவ்ளோ பெரிய ப்ராஜெக்டுக்கு பி.எஸ்சி.யா?" என்று பிரின்சிபால் பக்கம் திரும்பினார். "எம்.சி.ஏ. படிச்ச ஆளப் போடுங்க சார். சும்மா வுட்டுடாதீங்க இத."

கல்லூரிக்கு அனுமதி வந்தது. கூடவே அந்தப் பரிந்துரையும் எழுத்தில் வந்தது. இல்லாத ப்ராஜெக்டை நடத்த எனக்குத் தகுதி இல்லை என்று, இருந்த வேலையும் போயிற்று. "என்னாலதாம்மா ஒனக்கு பேஜாரு" என்று முனுசாமி அண்ணன் நான் பஸ் ஏறும் வரை கூடவே நின்றார். எழுதியது நான்தானே, அவரை என்ன சொல்ல?

கடைசி நாள் நானே ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். நோட்டில் என் பெயரை முதல் முறையாக எழுதினேன். ஆத்திரம் தீரவில்லை. நோக்கம்: வேறு வேலை தேட. அனுபவச் சான்றிதழில் கையெழுத்து வாங்கப் போனபோது பிரின்சிபால் நோட்டை எடுத்துவைத்திருந்தார்.

"எல்லாரும் கரெக்டா எழுதியிருக்காங்க. ரூல் தெரிஞ்ச நீயே இப்டி எழுதலாமாம்மா?"

நான் அதை அடித்துவிட்டு 'ப்ராஜெக்ட்' என்று எழுதிய பிறகுதான் கையெழுத்துப் போட்டார். அவமானமாக இருந்தது, சிரிப்பும் வந்தது. அந்தச் சான்றிதழை வைத்துத்தான் மார்கழி முடிவதற்குள் விழுப்புரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தேன், நிரந்தரமாக. அப்பா வாக்கு மாறவில்லை. மாமாவின் மகன் அந்தத் தையிலேயே வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார்.

பிற்பாடு மாணவர்கள் சேராமல் கல்லூரியை மூடிவிட்டார்கள். சாலையை அகலப்படுத்தியபோது வேப்பமரமும் போயிற்று. அதில் தொங்கிய ஒயரை யாரும் தேடியிருக்க மாட்டார்கள்.

கொஞ்ச வருடங்களுக்கு முன் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஒருவன் என் எதிரில் வந்து நின்றான். எங்கேயோ பார்த்த நெற்றி, எங்கேயோ பார்த்த கண். மீசையை மட்டும் அன்றுதான் பார்க்கிறேன். ஏழுமலை! என்னை எப்படித் தெரியும் என்றேன். கல்லூரி வாசலில் எடுத்த ஒரு போட்டோவில் அவன் அப்பாவோடு நான் நிற்கிறேனாம். அது அவன் வீட்டுச் சுவரில் இருக்கிறதாம். அப்பா போய் மூன்று வருடம் ஆயிற்று என்றான்.

"கடைசி வரைக்கும் எல்லார்கிட்டயும் சொல்லிக்கினே இருந்தாருக்கா, நானும் காலேஜ்ல ஒரு ப்ராஜெக்ட் பண்ணேன், பெரிய ஆபீசருங்க கை குடுத்தாங்கன்னு. அது முடிஞ்சுதாக்கா?"

"முடிஞ்சுதுப்பா" என்றேன். என் பஸ் வந்துவிட்டது.