என் தலையில் அடித்த சத்தியம்

அப்பா பெங்களூர் அடுகோடியில் லேத் பட்டறை வைத்திருந்தார். கோயில், குடும்பம், பழைய வழக்கம் என்று மூச்சுக்கு மூச்சு பேசும் பெரிய கட்சிக்கு எங்கள் வார்டில் அவர்தான் கை, கால், தொண்டை எல்லாம். தலைவருக்கு முதல்வர் நாற்காலி கிடைக்கவில்லை என்று கோபம் வந்தது. கட்சியை உடைத்துக்கொண்டு வெளியே வந்து, நாங்கள்தான் அசல் என்றார். அப்பாவும் கூடவே வந்துவிட்டார்.

மாரியம்மன் கோயில் வாசலில் வார்டு ஆட்கள் ஒவ்வொருவராகச் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள், இனி பழைய கட்சியின் வாசற்படி மிதிக்க மாட்டோம் என்று. அப்பா அதோடு விட்டிருக்கலாம். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என்னை இழுத்து, என் தலையில் அடித்தார்.

"மிதிச்சா இவ எனக்கு இல்ல."

கைதட்டல் காதைப் பிளந்தது. எனக்கே பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு தேர்தல் அமர்க்களமாக ஓடியது. தெருவெல்லாம் புதுக் கொடி, பட்டறைதான் கட்சி ஆபீஸ். அடுத்த தேர்தலுக்குள் தலைவர் சால்வை போர்த்திக்கொண்டு பழைய கட்சிக்கே திரும்பிவிட்டார். சூடம் அணைத்தவர்கள் அத்தனை பேரும் பின்னாலேயே போனார்கள், அப்பாவைத் தவிர. பட்டறைக்கு வேலை வருவது நின்றது. பேச ஆள் வருவதும் நின்றது.

கூட இருந்தவர் ஒருவர் மட்டும் வந்தார். "சும்மனே பிடிவாதம் பிடிக்காதீங்கண்ணா. சூடமெல்லாம் அரசியல்ல சகஜம்."

"நீ உன் பொண்ணு தலையில அடிச்சியா?" என்று கேட்டு அப்பா கதவைச் சாத்தினார்.

நான் கெஞ்சினேன், கத்தினேன். "எனக்கு ஒண்ணும் ஆகாதுப்பா, போய்த் தொலைங்க." ஒரு நாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வெளியே போனார். அப்பாடா என்றிருந்தது.

அந்த வாரமே எனக்கு டெங்கு. ஆஸ்பத்திரியில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னால் அப்பா விக்கி விக்கி அழுதார். "பழைய கட்சி ஆபீஸ் வாசல் வரைக்கும் போயிட்டேன்மா. படியில ஒரு கால் வெச்சேன். எடுத்துட்டேன்மா, எடுத்துட்டேன்." கொசு கடித்ததால் வந்தது என்று டாக்டர் சொன்னது அவர் காதில் ஏறவேயில்லை.

நான் பிழைத்துக்கொண்டேன். காலை எடுத்ததால்தான் பிழைத்தேன் என்பது அவர் கணக்கு. அன்றிலிருந்து, பூட்டிய பட்டறை முன்னால் ஸ்டூல் போட்டு, இல்லாத கட்சியின் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தினமும் நான் வேலைக்குக் கிளம்பும்போது நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறார். சூடு இல்லை என்றதும் முகம் தெளிகிறது. எனக்குத்தான் அந்தக் கையைத் தட்டிவிட்டு அலற வேண்டும்போல் இருக்கிறது. நான் நன்றாக இருக்கும்வரை அவர் அந்த ஸ்டூலை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை.