அஞ்சலினும் விளிம்பு உருண்ட கொலிமேட்டரும்

அஞ்சலின் எடுத்த எடுப்பில் யாரையும் நம்புகிறவள் அல்ல. பதுளை பஸ் நிலையத்துக்கு மேலே, வாடகை வீட்டின் மாடியறையில் இருந்து வேலை செய்கிறாள். அறைக்கு வெளியே ஒரு பூட்டு, உள்ளே ஒரு பூட்டு, வரைபடங்கள் வைக்கும் அலுமாரிக்கு இன்னொன்று. "கள்ளன் வந்தாலும் பூட்டுங்களைப் பாத்து அலுத்து, ஒரு டீயக் குடிச்சிட்டுத்தான் போவான்" என்பாள் தாய் இருதயம்மா.

அந்தச் சந்தேகம் சும்மா வந்ததல்ல. நமுனுகுலப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, பதுளையில் படித்து, பொறியியலாளராகிக் கொழும்பில் வேலைக்குப் போனவள். அங்கே அவள் வடிவமைத்த பம்பு ஒன்று மேலாளரின் பெயரில் வெளியே போனது. கேட்டதற்கு, கம்பெனியில் எல்லாமே எல்லாருக்கும் பொது என்றார்கள். அதன்பிறகு வந்த பதவி உயர்வு மட்டும் மேலாளருக்கே சொந்தமாக இருந்தது. தாய்க்கு முழங்கால் மடங்காமல் போனதும் அதையே சாட்டாக வைத்து ஊருக்குத் திரும்பினாள்.

போன வருஷம் வெளிநாட்டுப் புற்றுநோய் சிகிச்சை நிலையமொன்று கொலிமேட்டர் வடிவமைக்க ஆள் தேடியது. புரோத்தன் கதிரால் புற்றுநோய்க் கட்டியைச் சுடும்போது, கதிரின் பாதையில் ஒரு தடித்த பித்தளைக் கட்டியை வைப்பார்கள்; அதுதான் கொலிமேட்டர். அதன் நடுவில் நோயாளியின் கட்டியைப் போலவே வடிவம் கொண்ட ஒரு துளை இருக்கும். துளைக்குள் விழும் கதிர் போகும். மற்றதைப் பித்தளை தடுத்துவிடும். அந்தத் துளையை வரைவதுதான் வேலை. முதலில் ஒரு மாதிரியைச் செய்து அனுப்ப வேண்டும். அவர்கள் அதைச் சோதித்து ஏற்றுக்கொண்டால் நிரந்தர வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம். இல்லாவிட்டால் மறுபடியும் கொழும்புதான். இருதயம்மாவோ பதுளையை விட்டு அசையமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

பித்தளையை அறுத்துக் குடைய ஊரில் ஒரே பட்டறைதான் இருந்தது. அதை நடத்துகிறவர் சிங்கராயர். கோயிலில் ஞாயிறு பூசைக்கு இவர்களுக்கு முன் வாங்கில் உட்காருகிறவர். சுற்றுவட்டாரத் தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்தை உருட்டும் ரோலர்களுக்குப் பித்தளைப் பட்டிகள் செய்து பேரெடுத்தவர்; கணினியில் ஓடும் மில்லிங் மெஷின் ஒன்றும் வைத்திருந்தார். அஞ்சலின் அவரிடம் வரைபடத்தைக் கொடுக்குமுன் கத்தரிக்கோலால் கீழ்ப்பகுதியை வெட்டி எடுத்துவிட்டாள். பொருளின் பெயரும் அனுப்பப்போகிற இடமும் அங்கேதான் இருந்தன. எதற்கு இது என்று அவர் கேட்டபோது, ஒரு மெஷினுக்கு என்றாள். அவரும் அதற்குமேல் கேட்கவில்லை.

பித்தளைக் கட்டி வந்தது. துணியை விலக்கியவள் அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். துளையின் விளிம்பு முழுவதும் வழவழவென்று உருண்டிருந்தது. அது மெஷின் செய்த வேலையல்ல, கைவேலை. அப்படியென்றால் வேறு யாரோ இதைத் தொட்டிருக்கிறார்கள். வேறு யாரோ தொட்டால் வரைபடத்தையும் பார்த்திருப்பார்கள்.

அடுத்த நாள் காலையில், பட்டறைக்கு எதிரேயிருந்த கடையில் சவர்க்காரம் வாங்குகிறவளைப்போல நின்று பார்த்தாள். பார்த்தது நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தாள். சிங்கராயரின் வாசலோர மேசைமேல் பலகையில் செதுக்கிய ஒரு துண்டு கிடந்தது. அவளுடைய துளையின் அதே வடிவம், அதே வளைவு, பக்கத்திலிருந்த சிறு பள்ளம் உட்பட. இன்னொருவனுக்கு இன்னொன்று செய்யப் போகிறார் என்று தீர்மானித்துவிட்டாள்.

உள்ளே போனவள் நேரடியாகக் கேட்கவில்லை. கொழும்பிலிருந்து யாராவது வந்தார்களா, பட்டறையில் புதிதாக ஆள் சேர்ந்திருக்கிறதா, வரைபடத்தை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று சுற்றிச் சுற்றி விசாரித்தாள். சிங்கராயர் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, கையைத் துடைத்தார்.

"தங்கச்சி, பொலிஸ்ல சேந்துட்டீங்களா?"

அவள் பலகைத் துண்டைத் தூக்கிக் காட்டினாள். "இது யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

அவர் உலோகம் தேய்க்கும் எமரித் தாளை எடுத்து அந்தத் துண்டைச் சுற்றி, கழிவுப் பித்தளை ஒன்றின் விளிம்பில் தேய்த்துக் காட்டினார். ரோலர் பட்டியின் விளிம்பு கூராக இருந்தால் கொழுந்து கிழிந்துவிடும்; அதனால் இந்தப் பட்டறையில் பித்தளை என்று எது வந்தாலும் விளிம்பை உருட்டாமல் வெளியே அனுப்புவதில்லை. மெஷினில் அது சரியாக வராது என்று அவரே இரண்டு நாள் கையால் தேய்த்திருக்கிறார். அதற்குத் தனிக்கூலியும் கேட்கவில்லை.

"இதுல கொழுந்து போறதில்லண்ணே."

"அப்ப என்னதான் போகுது?"

அவள் வாசலைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: புற்றுநோய்க் கட்டியைச் சுடும் கதிர் போகிறது. விளிம்பு சுவரைப்போல நேராக நிற்கவேண்டும். உருண்டால் அந்த இடத்தில் பித்தளை மெலிந்துவிடும். கதிர் அதை ஊடுருவி, கட்டிக்கு வெளியே நல்ல சதையில் விழும். சொல்லும்போதே, விளிம்பைத் தேய்க்கக் கூடாது என்ற குறிப்பையும் அந்தக் கத்தரித்த பகுதியில்தான் எழுதியிருந்தாள் என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. அதையும் மறைக்காமல் சொன்னாள்.

 சிங்கராயருக்குக் கோபம் இருந்தது. அதைப் பலகைத் துண்டின்மேல் காட்டுகிறவர்போலத் துண்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"இன்னொன்னு செஞ்சு தாறேன். ஆனா முழுக் காயிதமும் வேணும். அரைக் காயிதத்துக்கு அரை வேலைதான் வரும்."

அனுப்பவேண்டிய நாளுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. முழு வரைபடத்தையும் கொடுத்தாள். கணினிக் கோப்பையும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தாள். பென் டிரைவை மட்டும் வேலை முடியும்வரை பக்கத்திலேயே இருந்து திரும்ப வாங்கிக்கொண்டாள். "கேக் சுடுறதப் பாக்குற மாதிரி நிக்கிறீங்களே" என்றார் அவர். அவள் நகரவில்லை.

இரண்டாவது கட்டி போய்ச் சேர்ந்தது. சோதித்தார்கள், ஏற்றுக்கொண்டார்கள். இருதயம்மா அன்று தேங்காய்ப்பாலில் கோழிக்கறி வைத்து, சிங்கராயர் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் அனுப்பினாள்.

ஒப்பந்தத்தோடு நிலையம் ஒரு விவரம் கேட்டிருந்தது: கட்டியைச் செய்த பட்டறை எது, அதன் தொலைபேசி எண் என்ன. அஞ்சலின் வெகுநேரம் யோசித்தாள். பட்டறை தெரிந்துவிட்டால் நாளை அவர்கள் இவளை விட்டுவிட்டு நேரே அவரிடமே போகலாம். கடைசியில் சிங்கராயரின் பெயரை, பிழையில்லாமல், முழுதாக எழுதினாள். தொலைபேசி எண் இருக்கவேண்டிய இடத்தில் தன்னுடைய எண்ணைப் போட்டாள்.

இதை அவளே ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் அவரிடம் சொன்னாள். அவர் சிரித்தார்.

"சரிதான் தங்கச்சி. இங்கிலீஷ்ல பேசுறதும் உங்க வேலையாவே இருக்கட்டும்."

அவர் மனதார அப்படிச் சொன்னாரா, வேறெதையாவது மனதில் வைத்துச் சொன்னாரா என்று அவள் இன்னமும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.